மூன்று தொப்பி மரியாதை

சீமையிலே முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரபுமார்களின் சாரட்டு வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த மூன்று துரைமார், ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, கருவேலங்கோட்டைக்கும் நாணல்குளத்துக்கும் நடுவில் இருக்கும் ஏழாங்கல் பாலத்தருகே, மாசானமுத்துவின் சைக்கிள் கேரியரில் இருந்த ஏழாம் ரீல் பெட்டியைத் திறந்துகொண்டு, குதிரையும் தாங்களுமாக ரோட்டில் இறங்கினார்கள். அந்தப் பெட்டியின் கொண்டி ஒரு மாதமாகவே சரியில்லை. மாசானமுத்து அதைச் சணல் கயிற்றால் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பாலத்து மேட்டில் சைக்கிள் தூக்கிப் போட்டதில் கயிறு அவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது எப்படி என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் சினிமா நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு ஊர்க் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான் வரும். கருவேலங்கோட்டை குலசேகரா டாக்கீஸில் மாட்டினி இரண்டரைக்குத் தொடங்கும், நாணல்குளம் மங்களவிலாஸ் டாக்கீஸில் நாலேகாலுக்குத் தொடங்கும், இங்கே ஓடி முடிந்த ரீல்களை ஆறு ஆறாகக் கட்டிக்கொண்டு மாசானமுத்து ஐந்து மைல் சைக்கிள் மிதித்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பான். முதல் நடையில் முதல் ஆறு, இரண்டாம் நடையில் மிச்சம் ஆறு. அவன் டயர் பஞ்சரானால் நாணல்குளத்தில் கதாநாயகன் முத்தம் கொடுக்கப்போன இடத்திலேயே நின்றுவிடுவான், ஜனங்கள் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டு காத்திருப்பார்கள். அப்படி வந்த படங்களில் ஒன்றுதான் அந்த இங்கிலீஷ் படம். போஸ்டரில் தமிழில் ‘கறுப்புத் தொப்பிக் கொள்ளையர்’ என்று போட்டிருந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தது படக் கம்பெனி.

குதிரைகள் ரோட்டோரத்துப் புல்லைக் கடித்தன. மாசானமுத்து சைக்கிளைப் புளியமரத்தில் சாத்திவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தான். தினமும் திரையில் பார்க்கிற முகங்கள் என்பதால் அவனுக்கு அதில் பதறுவதற்கு ஒன்றும் இல்லை. நாணல்குளத்தில் இன்டர்வல் முடிந்து மணியடிப்பதற்குள் ரீல் போய்ச் சேர வேண்டுமே என்பது ஒன்றுதான் அவன் கவலை.

“துரைகளா, கை காலை நீட்டிக்கிடுங்க, வேண்டாங்கல. ஆனா கால் மணி நேரந்தான். அஞ்சு மணிக்கெல்லாம் பெட்டிக்குள்ள வந்திரணும். இல்லன்னா அங்கன வெறும் மரத்தையும் ரோட்டையும் பாத்துட்டு சனங்க பெஞ்ச உடைச்சிருவானுவ” என்றான் அவன்.

பாஷை புரிந்ததோ என்னவோ, தலைவர் துரை தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து நாணல்குளம் மேலவீட்டு வீரபாகு முதலாளியின் கார் வந்தது. மூன்று துரைமாரும் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு காரை மறித்தார்கள். தலைவர் துரை தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வீரபாகு கத்தக் கத்த அவர் வயிற்றின் மேல் கிடந்த தங்கக் கடிகாரத்தைச் சங்கிலியோடு கழற்றிக்கொண்டார். பிறகு மறுபடியும் குனிந்தார். பிறகு மூன்று பேரும் பெட்டிக்குள் போனார்கள், மாசானமுத்து கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

வீரபாகு நேரே நாணல்குளம் போலீஸ் ஏட்டைக் கூட்டிக்கொண்டு மங்களவிலாஸுக்குள் நுழைந்தார். பத்தாம் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலே ஒரு டியூக் பிரபுவின் மாளிகையில் பெரிய விருந்து நடக்கும். அந்தக் குண்டுப் பிரபு வயிற்றைத் தடவி ஒரு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அது வீரபாகுவின் கடிகாரம். அவர் அப்பா காலத்தில் விழுந்த கீறல் கூட மூடியில் பளிச்சென்று தெரிந்தது.

ஏட்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, “திருட்டு நடந்தது என் எல்லை. பொருள் இருக்கது இங்கிலாந்து எல்லை. நான் என்னத்தச் செய்ய?” என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

வீரபாகு அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். ஆனால் மறுநாள் மாட்டினிக்கு அவரே வந்து சோபா டிக்கெட்டில் உட்கார்ந்தார். டியூக் கடிகாரத்தை எடுத்ததும் சத்தமாக, “மணி ஆறு அஞ்சு” என்றார். கொட்டகைக்காரர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள், சரியாக ஆறு ஐந்து. அதற்கப்புறம் தினமும் வந்தார், தினமும் மணி சொன்னார், ஜனங்களும் அவருக்கு வழிவிட்டு எழுந்து நின்றார்கள். சீமைத் துரை தொப்பியைக் கழற்றிக் கொள்ளையடித்த மனுஷன் என்றால் சும்மாவா. எங்கள் தாலுகாவில் வேறு யாருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

இரண்டாவதாகக் கிடைத்தது வக்கீல் சம்சாரத்துக்கு. அவள் கழுத்து அட்டிகையை எடுக்கும்போது தலைவர் துரையோடு நெட்டைத் துரையும் தொப்பியைக் கழற்றினார். இரண்டு தொப்பி. அந்த அட்டிகையை அன்றைக்கே டியூக்கின் மனைவி, அந்தச் சீமாட்டி, கழுத்தில் போட்டுக்கொண்டு நடனமாடினாள். வக்கீல் சம்சாரம் பக்கத்தில் இருந்தவளிடம், “என்னைய விட அவளுக்கு எடுப்பா இருக்கு, இருக்கட்டும்” என்றாள். பிறகு கோயில் தர்மகர்த்தாவின் வெள்ளிக் கூஜா போயிற்று. எங்கள் பக்கத்தில் பாத்திரம் என்று வாங்கினால் முதல் வேலையாகப் பேர் வெட்டிவிடுவோம். அதனால் சீமைப் பிரபுக்களின் விருந்து மேஜையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், ‘வ.சூ. தர்மகர்த்தா உபயம்’ என்று அவ்வளவு பெரிய திரையில் எழுத்து தெரிந்தபோது கொட்டகையே கைதட்டியது.

ஒரு வாரப் படம் ஐந்து வாரம் ஓடியது. நாலே முக்காலுக்கு ஏழாங்கல் பாலத்தில் ஒரு கூட்டம் கூட ஆரம்பித்தது. பஜ்ஜிக் கடை வந்தது, கோலி சோடாக் கடை வந்தது. குண்டாக இருந்த மூன்றாவது துரை சோடாவில் ருசி கண்டுவிட்டார், கோலி உடைபடும் சத்தத்துக்கு அவருடைய குதிரை ஒவ்வொரு நாளும் புதிதாக மிரண்டது. துரைமார் மாட்டுவண்டிக்காரர்களைத் தொடவில்லை, சைக்கிள்காரர்களைத் தொடவில்லை, விறகுச் சுமையோடு வரும் பெண்களுக்குக் குதிரையை ஒதுக்கி வழிவிட்டார்கள். பெரிய மனுஷர்களை மட்டும்தான் கொள்ளையடித்தார்கள். அதிலும் எல்லாப் பெரிய மனுஷர்களையும் இல்லை, அங்கேதான் ஊருக்குள் பகை வந்தது.

கொள்ளை போனவர்கள் ஒரு ஜாதியாகவும் போகாதவர்கள் ஒரு ஜாதியாகவும் பிரிந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் பரிவட்டம் கட்டும்போது கொள்ளை போன வரிசைப்படி கூப்பிட்டார்கள். மூன்று முறை அந்த ரோட்டில் போய்ப் பார்த்தும் துரைமார் கையசைத்து அனுப்பிவிட்ட டாக்டர், ஒரு வாரம் ஆஸ்பத்திரியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார். கல்யாணத் தரகர்கள் பையன் படிப்பு, பெண் நிறம், ஜாதகம் எல்லாம் கேட்ட பிறகு, குரலைத் தாழ்த்தி, “கொள்ளை போயிருக்கா?” என்று கேட்டார்கள். எத்தனை தொப்பி என்பதில் கூட்டம் ஆளுக்கொன்று சொல்லும், மாசானமுத்து ஒருவன்தான் சாட்சி. அவனும் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்பதால் அவன் சொன்னால் அப்பீல் கிடையாது.

இந்தக் கேள்விதான் ரைஸ்மில் தில்லைநாயகத்தின் தலையில் இடியாக விழுந்தது.

தில்லைநாயகம் முப்பது வருஷத்துக்கு முன்னால் கருவேலங்கோட்டைக்கு வந்து மில் போட்டவர். வந்த நாளில் இருந்தே, தன் குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு தலைமுறையாக நிலபுலன் கட்டி ஆண்ட குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அது அவருக்கே கொஞ்சம் நம்பிக்கையாகிவிட்டது. தினமும் உச்சிவேளையில் மில்லின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் இருப்பார், பரம்பரைப் பூஜை செய்கிறார் என்று ஊர் நம்பியது. அவருடைய ஒரே மகள் கோமதி. அவளும் வீரபாகுவின் மகன் சிவஞானமும் கருவேலங்கோட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷின். பாடத்தில் இல்லாத கடிதங்களையும் இருவரும் அடித்துப் பழகியது தெரிந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நடந்து, எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் வீரபாகு வெற்றிலையை மடித்துக்கொண்டு அதைக் கேட்டார்.

“எல்லாம் சரிதான் தில்லைநாயகம். ஒங்க வீட்ல கொள்ளை போயிருக்கா?”

“இன்னும் இல்ல. எப்படியும் ரெண்டொரு நாள்ல...” என்று இழுத்தார் தில்லைநாயகம்.

“நாலு பேரு கேப்பாவள்லா. படம் போறதுக்குள்ள ஒரு தொப்பியாவது வாங்கிருங்க. வாங்குன மறுநாளே நிச்சயம் வச்சுக்கிடலாம். வாங்கலன்னா நீங்களும் என்னைக் கேக்கக்கூடாது, நானும் ஒங்களக் கேக்கக்கூடாது.”

தில்லைநாயகத்தின் சம்சாரம் ஆவுடையம்மாள் உள்ளே இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலவீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது. போன மாதம் பேச்சு தொடங்கியபோது ஒரு பெரிய சம்புடம் நிறைய அதிரசம் சுட்டு அனுப்பியிருந்தாள், அந்தச் சம்புடம் கழுவாமல் வெறுமனே திரும்பி வந்தது. ஒரு பிடி சீனி, இல்லை நாலு வாழைப்பழம், ஒன்றும் இல்லாவிட்டால் முற்றத்து முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் பிறத்தியார் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது என்பது அவள் பிறந்த இடத்துப் பழக்கம். “வெறுஞ்சட்டியத் திருப்பிக் குடுக்க வீட்டுக்கா நம்ம பிள்ளையக் குடுக்கப்போறோம்” என்று ஒருமுறை கேட்டாள். கோமதியின் முகம் போன போக்கைப் பார்த்து அப்புறம் கேட்கவில்லை.

மறுநாளே தில்லைநாயகம் காரைப் பாலிஷ் போட்டுக்கொண்டு, கோட்டும் தலைப்பாகையுமாக, பத்து விரலில் எட்டு மோதிரத்தோடு ஏழாங்கல் பாலத்துக்குப் போனார். துரைமார் பார்த்தார்கள். தலைவர் துரை இரண்டு விரலால் சலாம் வைத்துவிட்டு ஒதுங்கிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். அடுத்த நாள் ஆவுடையம்மாளுக்கு வீட்டில் இருந்த நகை எல்லாவற்றையும் பூட்டி, ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். அவள், “அம்மன் சப்பரத்துக்கு நகை பூட்டுன மாதிரி இருக்கு எனக்கு, நாலு பேரு கும்பிட்டுருவாவ” என்று வழிநெடுகச் சிரித்தாள். துரைமார் அவளுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள், நகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் தில்லைநாயகம் நகைப் பெட்டியையே கொண்டுபோய் நடு ரோட்டில் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மூன்று துரைமாரும் குதிரையை விட்டு இறங்கி, பெட்டியை மூடி, மாட்டுவண்டி போக இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு சோடா குடிக்கப் போனார்கள்.

அன்றைக்கு அவர் மாசானமுத்துவிடம் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“ஏம்ப்பா, எனக்கு என்ன கொறை? வீரபாகுவ விட என் காரு பெருசு.”

மாசானமுத்து பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். “கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. நீங்க குடுக்கதுக்குல்லா வாரீங்க. அவனுவ எடுக்கதுக்கு வாரானுவ. குடுக்கத வாங்குனா அது கொள்ளையா? அவனுவளுக்கும் ஒரு தொழில் மரியாதி இருக்குல்லா. மேலவீட்டு மொதலாளி அந்தக் கடியாரத்துக்கு எப்படிக் கத்துனாருங்கிய? அப்படி ஒரு பொருள் ஒங்ககிட்ட இருந்தாச் சொல்லுங்க.”

தில்லைநாயகம் யோசித்துப் பார்த்தார். மோதிரத்தைக் கேட்டால் கொடுத்துவிடுவார், காரைக் கேட்டால் கொடுத்துவிடுவார், கோமதி சிரித்தபடி மேலவீட்டுக்குப் போவதாக இருந்தால் மில்லையே கேட்டாலும் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட பொருள் ஒன்றும் தன்னிடம் இல்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது. பாவம், நாளைக்குப் படத்துக்குக் கடைசி நாள் என்று இரண்டு ஊரிலும் போஸ்டர் மேல் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

கடைசி நாள் காலையிலேயே, கூட்டத்துக்கு முந்தி இடம் பிடிக்க, அவர் பாலத்துக்குப் புறப்பட்டார். உச்சிவேளைக்கு மில்லுக்குத் திரும்ப முடியாது என்பதால் ஆவுடையம்மாள் அவருடைய பகல் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, கோமதியையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறினாள். பகல் பூராவும் அந்தக் குடும்பம் புளியமரத்தடியில் காத்துக்கிடந்தது. மகளுக்கு எதிரில் அந்தச் சாப்பாட்டை எடுக்க அவருக்கு மனசு வராமல், பசியோடு, அதைச் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

நாலே முக்காலுக்குப் பெட்டி திறந்தது. துரைமார் வந்தார்கள், காரைப் பார்த்தார்கள், வழக்கம்போலச் சலாம் வைத்துவிட்டுத் திரும்பப் போனார்கள். தில்லைநாயகம் பின்சீட்டில் தலையில் கையை வைத்துக்கொண்டார், கோமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது சோடாத் துரையின் குதிரை, சோடாச் சத்தத்துக்கு மிரண்டு கார் மேலேயே வந்து முட்டி, ஜன்னல் வழியாக மூக்கை உள்ளே விட்டு மோப்பம் பிடித்தது. தில்லைநாயகம் சட்டென்று குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்ததை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது ஒரு பழைய பித்தளைத் தூக்குச்சட்டி. இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது, மூடியின் குமிழ் போய் அதற்குப் பதில் ஒரு திருகாணி இருந்தது.

தலைவர் துரை குதிரையைத் திருப்பினார். ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

“இது மாட்டேன்” என்றார் தில்லைநாயகம்.

துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

“மோதிரத்த எடுத்துக்கோ. அந்தா நகைப் பெட்டி இருக்கு, எடுத்துக்கோ. காரை எடுத்துக்கோ. இதத் தர மாட்டேன். கொன்னு போட்டாலும் தர மாட்டேன்.”

கோமதி தன் அப்பாவை அப்படிப் பார்த்ததே இல்லை. தலைவர் துரை தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்தார். அவருக்குப் பின்னால் நெட்டைத் துரை தொப்பியைக் கழற்றினார். சோடாத் துரை கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அவரும் கழற்றினார். பிறகு மூன்று பேரும் துப்பாக்கியை நீட்டினார்கள். தில்லைநாயகம் அப்போதும் விடவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அந்தத் தூக்குச்சட்டியை அவர்களால் எடுக்க முடிந்தது. கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் கார் மறைத்ததில் போனது என்ன பொருள், எத்தனை தொப்பி என்று தெரியவில்லை. தொப்பியை எண்ணியவன் மாசானமுத்து மட்டும்தான். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேகமாக மிதித்தான்.

“அப்பா, கொள்ளை போயிட்டுப்பா. நிச்சயத்துக்குச் சொல்லிரலாம்” என்றாள் கோமதி.

தில்லைநாயகம் டிரைவரை நாணல்குளத்துக்கு விடச் சொன்னார்.

மங்களவிலாஸ் நிரம்பி வழிந்தது. கொள்ளை போனவர்கள் எல்லாரும் தங்கள் பொருளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருந்தார்கள். “கொழும்புக்குப் போவுதாம், அங்க இருந்து ரங்கூனுக்காம். என் கூஜா ஒலகம் சுத்தப்போவுது” என்று தர்மகர்த்தா சொல்லிக்கொண்டிருந்தார். வீரபாகு சோபாவில் சாய்ந்திருந்தார், அவர் பக்கத்தில் சிவஞானம். தில்லைநாயகம் குடும்பம் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தது.

பத்தாம் ரீல் வந்தது. டியூக் கடிகாரத்தை எடுத்தார். “மணி ஆறு அஞ்சு” என்றார் வீரபாகு. சீமாட்டி அட்டிகையோடு வந்து உட்கார்ந்தாள். விருந்து மேஜை நடுவில், வெள்ளித் தட்டுகளுக்கும் தர்மகர்த்தாவின் கூஜாவுக்கும் இடையில், அந்தப் பித்தளைத் தூக்குச்சட்டி இருந்தது. சீமாட்டி மூடியைத் திறந்தாள். உள்ளே கம்மங்கஞ்சி, மேலே நாலு சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய். சீமாட்டி அதைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், இன்னொரு வாய் குடித்தாள். அப்போது கேமரா கிட்டத்தில் போனது, மூடியின் மேல் வெட்டிய எழுத்து திரை முழுக்க நிறைந்தது. ‘ஆவுடை. உப்பளம் லைன். தூத்துக்குடி.’

கொட்டகை சிரித்து உருண்டது. தரை டிக்கெட்டில் ஒருவன், “எவன் வீட்டுக் கஞ்சிச் சட்டிடே அது, எந்திரிடே” என்று கத்தினான். வீரபாகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எந்த மூடை தூக்குற பயகிட்டப் புடுங்குனானுவளோ. கடைசி நாள்ல துரைமாருக்கே புத்தி பேதலிச்சுட்டு” என்றார் அவர்.

தில்லைநாயகம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்து சொன்னால் ஏழு தலைமுறையும் இந்தக் கொட்டகையிலேயே போய்விடும், சொல்லாவிட்டால் கோமதிக்கு மேலவீடு இல்லை, சொன்னாலும் இல்லாமல் போகலாம். அவர் ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய எழுத்தில் தன் பேர் இருப்பதையும், ஊரே அதைப் பார்த்துச் சிரிப்பதையும் அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர் எழுந்து நின்றார். மெஷின் வெளிச்சம் அவர் மேல் பட்டு, அவர் தலைப்பாகையின் நிழல் டியூக்கின் முகத்தில் விழுந்தது.

“அது எங்க வீட்டுச் சட்டி” என்றார். “அது என் சம்சாரம் பேரு. அவ அப்பன் சீதனமாக் குடுத்தது அது ஒண்ணுதான். நான் தூத்துக்குடி உப்பளத்துல பன்னெண்டு வருசம் மூடை சுமந்தேன். தெனம் உச்சிக்கு, உப்புல கண்ணு கூசும், இவ அந்தச் சட்டியில கஞ்சி கொண்டாருவா. அதக் குடிச்சுத்தான் மில்லு வச்சேன். இன்னைக்கும் நான் பின்னறையில செய்யுத பூசை அதுதான். ஏழு தலைமுறைன்னு சொன்னது பொய்யி. சிரிக்கிறவன் என்னயப் பாத்துச் சிரிங்க, அந்தப் பேரப் பாத்துச் சிரிக்காதீங்க.”

தரை டிக்கெட்டில் கத்தியவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

“உக்காருங்க, பின்னால உள்ளவுகளுக்குப் படம் மறைக்கி” என்றாள் ஆவுடையம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுடைய ஒரு கை கோமதியின் கையைப் பிடித்திருந்தது.

வீரபாகு மெல்ல எழுந்தார். அவர் தில்லைநாயகத்தைப் பார்க்கவில்லை. கதவோரம் சைக்கிள் பம்பும் கையுமாக நின்ற மாசானமுத்துவைப் பார்த்தார்.

“எத்தன தொப்பி?”

“மூணு மொதலாளி.”

“மூணுமா?”

“மூணும். சோடாத் துரை பாட்டிலக் கீழ வச்சுட்டுக் கழத்துனாரு. ஒங்களுக்கு ஒண்ணுதான்.”

வீரபாகு தலையை ஆட்டினார். அந்த மனுஷரிடம் எத்தனையோ குறை உண்டு, ஆனால் ஒரு விதியைச் சொல்லிவிட்டு அது தன் தலையில் விழும்போது மாற்றுகிறவர் இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு வரிசை தாண்டி வந்து, “தங்கச்சி, நாளைக்கு நாங்க வாரோம். எத்தன மணிக்கு வரலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்று ஆவுடையம்மாளிடம் சொன்னார். சோபாவில் இருந்த சிவஞானம் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். டியூக் திரையில் மறுபடியும் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், ஆனால் அந்த முறை வீரபாகு மணி சொல்ல மறந்துவிட்டார்.

படம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்து, சைக்கிள்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், மாசானமுத்து ஆபரேட்டர் அறையில் பன்னிரண்டு ரீலையும் அதனதன் பெட்டியில் அடுக்கினான். மறுநாள் காலை ரயிலில் அவை போக வேண்டும். கடிகாரமும் அட்டிகையும் கூஜாவும் படத்தோடு போயின, ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. ஏழாம் ரீல் பெட்டியை மட்டும் அவனால் மூட முடியவில்லை, உள்ளே ஏதோ இடித்தது. கயிற்றை அவிழ்த்துப் பார்த்தான். பிறகு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, புறப்படப்போன காரை மறித்தான். “அண்ணாச்சி, நானும் ஒருதரம் காரை மறிச்சாச்சு” என்று சொல்லித் தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாக நீட்டினான்.

தில்லைநாயகம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். புளி போட்டு விளக்கியதுபோல அது மினுமினுத்தது. ஒடுக்குகள் அப்படியே இருந்தன, பேர் அப்படியே இருந்தது. அவர் வெறுமனே தடவிக்கொண்டிருந்தார், திறந்து பார்க்கத் தோன்றவில்லை. ஆவுடையம்மாள்தான் அதை அவர் கையில் இருந்து வாங்கி, எடையைப் பார்த்துவிட்டு, திருகாணியைப் பிடித்து மூடியைத் திறந்தாள். உள்ளே, சட்டி நிறைய, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய வெள்ளைச் சீனிக் கட்டிகள் இருந்தன. கோமதி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆவுடையம்மாள் ஒன்றை எடுத்துத் தெரு விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஐந்து வாரமும் ஊரில் யார் பெரிய குடும்பம் என்று துரைமார் சொல்லக் கேட்டு வந்தவள், இப்போது தன் பங்குக்குத் தானும் ஒரு முடிவுக்கு வந்தாள்.

“கழுவியிருக்கா. வெறுஞ்சட்டியாவும் தரல” என்றாள். “அந்தச் சீமாட்டி நல்ல குடும்பத்துப் பொண்ணுதான்.”